வீட்டுக்கு ஒரு கை

பனையனேந்தல், கண்டரமாணிக்கம் வழி
14 ஜூலை 2019

அன்புத் தங்கச்சி நிவேதாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் குறையில்லாமல் இருக்கிறோம். குளிரில் வந்த தோள்பட்டை வலி விட்டதா? மாத்திரையை மறந்துவிட்டு, சாப்பிட்டேன் என்று எனக்கு எழுதாதே.

போனில் பேசினால் நாலாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்துக்கு மாறுவோம் என்று நீதான் சொன்னாய். அப்பா காரியம் முடிந்த நாளிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது. கடிதத்தில் ஒருத்தி முடிக்கிறவரை இன்னொருத்தி குறுக்கே விழ முடியாது. இன்றைக்கு நான் சொல்லப்போவதைக் கேட்டால் குறுக்கே விழத்தான் உனக்குத் தோன்றும். முடியாது பார், எனக்கு அதுதான் வசதி.

நம் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். வடக்கு வீட்டில் ஒரு வாரம் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அந்த வீட்டுச் சொக்கலிங்கம் ஐயாவின் தாத்தா தலைவர், அப்பா தலைவர், அண்ணன் தலைவர், கடைசியாக அவரே தலைவர். இப்போது சென்னையில் இருக்கிற மருமகள் கிருத்திகாவை நிறுத்துவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். உன்னோடு காரைக்குடியில் படித்த அதே கிருத்திகாதான். நம் கண்மாய் எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்தப் பெண் டிரைவரைத் திரும்பிப் பார்க்கும்.

உனக்கென்ன வந்தது என்று கேட்பாய். ஊர்க் குடிநீர் மோட்டார் இந்த வருடம் நாலு தடவை என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டது. நாலு தடவையும் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயில், கருகி வந்தது, நாலு தடவையும் நான்தான் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தேன். ஊருக்கு இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய மோட்டார் வடக்கு வீட்டுத் தென்னந்தோப்புக்குப் பகல் பூராவும் ஓடுகிறது. தோப்புக்குப் பிரிந்து போகிற குழாயை என் கண்ணால் பார்த்தேன். நம் தெருப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், தென்னைகள் தளதளவென்று நிற்கின்றன. கருகிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது?

நான் நிற்கப்போகிறேன் நிவி. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா தீபலட்சுமி


ஆஷ்கோம், சாமர்செட், இங்கிலாந்து
3 ஆகஸ்ட் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோள் வலி பரவாயில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், இது பொய்யில்லை. அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

குறுக்கே விழ முடியவில்லை என்பதால் இரண்டு நாள் அறைக்குள்ளேயே நடந்தேன். இப்போது நான் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன், கேள். இந்த ஊரில் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பழைய தாள்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பட்டியல் போடத்தான் என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். வசந்தத்தில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ஆயிரத்து எழுநூறுகளில் இந்தச் சிறு நகரத்திலிருந்து பாராளுமன்றத்துக்கு இரண்டு பேர் போவார்கள். தொண்ணூறு வருடம் அந்த இரண்டு இடமும் இந்த ஒரே குடும்பத்துக்குத்தான். அப்பா, மகன், மருமகன், மகனுக்கு வயது வரும்வரை இடத்தைக் காத்துக்கொடுக்க ஒரு சித்தப்பா. உனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

இங்கே ஓட்டு யாருக்கு இருந்தது தெரியுமா? சொந்தமாக அடுப்பு வைத்து உலை கொதிக்க வைக்கிற ஆண்களுக்கு. பானை கொதித்தால் அவன் குடும்பஸ்தன், ஓட்டுப் போடலாம். ஆனால் அடுப்பு இருந்த வீடெல்லாம் மாளிகைக்குச் சொந்தம். ரகசிய ஓட்டும் கிடையாது. மேடையில் ஏறி, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டான் என்று பெயரோடு புத்தகம் அச்சடித்து விற்பார்கள்.

1761-ஆம் வருடப் புத்தகத்தில் மாளிகையின் காரியக்காரர் கைப்பட ஒரு குறிப்பு இருக்கிறது. ஜான் டக்கர், பீப்பாய் செய்கிறவன், மாளிகைக்கு எதிராக ஓட்டு. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. அதன் கீழே, ‘மார்ச் இருபத்தைந்தில் காலி செய்ய வேண்டும்.’ அவ்வளவுதான். ஒரு வரியில் ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டார்கள்.

அக்கா, நம் ஆசாரித் தெருவின் பதினோரு வீடும் வடக்கு வீட்டு மண்ணில்தான் நிற்கிறது. அவர்கள் வீட்டைக் கட்ட வந்த நம் ஆட்களை அங்கேயே குடிவைத்தார்கள். வீடு நாம் கட்டியது, பட்டா அவர்களுடையது. நீ மோட்டாரைச் சரி செய். தேர்தல் வேண்டாம்.

உன் நிவேதா


பனையனேந்தல்
25 ஆகஸ்ட் 2019

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. உன் அத்தானோடு ஒன்பது நாளாகப் பேச்சு கிடையாது. சோறு மட்டும் போடுகிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று ஐயனார் கோயில் மண்டபத்தில் சபை கூடியது. வழக்கம் உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையில் வேப்பமரத்தில் ஏறிப் பார்ப்பாய். தட்டில் சூடம் ஏற்றி நடுவில் வைப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் வந்து சுடரின் மேல் கையை நீட்டிச் சத்தியம் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு கை. அந்தக் கை வைத்துவிட்டால் அந்த வீட்டு ஓட்டு மொத்தமும் கட்டுப்பட்டது என்று கணக்கு. இந்தத் தடவை கிருத்திகாவுக்கு என்று சத்தியம். நூற்று முப்பது வீட்டுக் கை விழுந்தது. அதில் ஒன்று பூமிநாதன் ஆசாரியின் கை, அதாவது என் வீட்டுக்காரர் கை.

வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். நான் கேட்டேன். “ஊருக்குள்ள இருக்கணும்ல தீபா. எல்லாரும் வச்சாக, நானும் வச்சேன்” என்றார். நான் நிற்கப்போகிறேன் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மனுஷனுக்கு விக்கல் எடுத்துவிட்டது. முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அது என் தப்புத்தான், உனக்குச் சொன்னேன், அவருக்குச் சொல்லவில்லை. சத்தியத்தை மீற மாட்டேன் என்கிறார், நிற்காதே என்றும் சொல்லவில்லை. இப்படி ஒருத்தரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பயமுறுத்தத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஜான் டக்கர் அப்புறம் என்ன ஆனான்? பெண்டாட்டி பிள்ளை இருந்ததா? எங்கே போய் அடுப்பு மூட்டினான்? பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாய்.

அக்கா


ஆஷ்கோம்
20 செப்டம்பர் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே இலை பழுக்கத் தொடங்கிவிட்டது. அத்தானோடு பேசிவிடு, பாவம் அவர்.

டக்கரைப் பற்றித் தேடினேன். எதுவும் இல்லை. மாளிகையின் தாள்களில் ஒருவன் மாளிகை மண்ணில் இருக்கிறவரைதான் பெயர் இருக்கிறது. மண்ணைவிட்டு இறங்கியதும் தாளிலிருந்தும் இறங்கிவிடுகிறான். அடுத்த வருடம் அந்த வீட்டில் வேறொரு பீப்பாய்க்காரன் பெயர் இருக்கிறது. அவன் ஓட்டு மாளிகைக்குத்தான் விழுந்திருக்கும்.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சியில் இந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்கிற விளக்க அட்டையை நான்தான் எழுதினேன். ‘தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தோடு இருந்த குடிகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கு மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் அக்கா.

அதனால்தான் சொல்கிறேன், உனக்கும் ஒரு வழி இருக்கிறது. கிருத்திகா கெட்டவள் இல்லை. நான் அவளுக்கு ஒரு வார்த்தை எழுதுகிறேன். குழாயை அடைத்துவிடட்டும், நீ விலகிக்கொள். எல்லோருக்கும் மரியாதையாக முடிந்துவிடும்.

நிவேதா


பனையனேந்தல்
2 நவம்பர் 2019

நிவேதாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது, தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழமாட்டேன் என்கிறது. விறகு நனைந்து புகைகிறது.

கிருத்திகாவுக்கு நீ ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். எழுதினாய் என்று தெரிந்தால் கடிதமும் கிடையாது, போனும் கிடையாது.

நான் நிற்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நானே சொன்னேன். அத்தானோடு பேசுகிறேன், கேட்டாயல்லவா, அதனால் சொல்கிறேன். முன்னைவிட நன்றாகவே பேசுகிறேன்.

இன்னொன்று. காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒன்று தோன்றியது, சிரித்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு கை என்கிறார்களே, அது ஆண் கை. பெண்களைச் சபைக்குள்ளேயே விட்டது கிடையாது. பெண் கை அந்தச் சூடத்தின் மேல் பட்டால் தீட்டு என்று இத்தனை காலம் வெளியே நிறுத்தினார்கள். அப்படியானால் நாங்கள் யாருக்கு என்ன சத்தியம் செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. ஊரில் முந்நூறு பெண்கள் ஒரு கட்டும் இல்லாமல் இருக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியவில்லை. தெரிய வைத்துக்கொண்டிருக்கிறேன், வீடு வீடாக.

இனிமேல் கடிதத்தை நம் ரிஹானாவின் மளிகைக் கடை முகவரிக்கு எழுது. தெருவில் சகதி, தபால்காரருக்குச் சிரமம்.

அக்கா


ஆஷ்கோம்
21 நவம்பர் 2019

அக்கா,

எனக்கு உடம்பு சுகம்தான். உன்னைப் பற்றித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

தபால்காரர் மாயக்கண்ணன் அண்ணன் முழங்கால் வெள்ளத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தவர். அவருக்கு எப்போதிலிருந்து சகதி சிரமமானது? நம் வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறது. தகரம் எங்கிருந்து வந்தது? வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும்போது நீ ஏன் விறகு எரிக்கிறாய்?

நேராகக் கேட்கிறேன். நீ வீட்டில்தான் இருக்கிறாயா?

பெண்களுடைய கையைப் பற்றி நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன். இங்கே ஓட்டுப் புத்தகத்தில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. காலி செய்த பட்டியலில் மட்டும் விதவைகள் பெயர் வரிசையாக இருக்கிறது. ஓட்டு இல்லாதவர்களையும் துரத்தியிருக்கிறார்கள்.

பதில் போடு. நான் கேட்டதற்குப் பதில் போடு.

நிவி


ரிஹானா மளிகை, பனையனேந்தல்
21 டிசம்பர் 2019

அன்புத் தங்கச்சிக்கு,

உன் தோளுக்கு அங்கே பனி ஆகாது, கம்பளியைப் போட்டுக்கொள். இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

மனு தாக்கல் செய்தேன். மொத்தம் இரண்டு பேர்தான் போட்டி. கிருத்திகாவுக்கு ஆட்டோ, எனக்குப் பூட்டு சாவி. சின்னம் ஒதுக்கியதைக் கேட்டு நானும் ரிஹானாவும் யூனியன் ஆபீஸ் வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீடு இருந்த இடத்தில் இருக்கிறது.

நேற்று நடந்ததைக் கேள். பெண்கள் கட்டுப்படவில்லை என்ற பேச்சு எப்படியோ வடக்கு வீட்டுக்குப் போய்விட்டது. சொக்கலிங்கம் ஐயா பெண்களையும் சபைக்கு வரச் சொன்னார். தண்டோராப் போட்டார்கள். நாங்கள் நூறு பேருக்கு மேல் போனோம். என் வயதுக்கு அந்த மண்டபத்துக்குள் கால் வைத்தது நேற்றுத்தான் முதல் தடவை. தரை வழவழவென்று இருந்தது, ஆண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

தட்டில் சூடம் ஏற்றினார்கள். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தராக வந்து கை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். யாரும் நகரவில்லை. நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் நின்றேன், நான் பேசினால் அது தேர்தல் பேச்சாகிவிடும். முன்னால் நின்றது ஆடு மேய்க்கிற அழகம்மாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பொம்பளை. அவளைப் பார்த்து ஐயா, “ஏன் நிக்கிற, வா” என்றார்.

அழகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். “பொம்பள கை சபைச் சூடத்துல படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக ஐயா. எங்க ஆத்தா காலத்துல இருந்து வெளியவே நின்னோம். இப்பப் போயிக் கை வச்சா சாமி குத்தமாயிப் போகும். நாங்க மாட்டோம்.”

அவ்வளவுதான். ஐயா வகுத்த வழக்கத்தை ஐயாவே எப்படி மீறுவார்? சூடம் எரிந்து தீர்ந்தது. தட்டில் கருப்பு மட்டும் மிச்சம். நாங்கள் கும்பிட்டுவிட்டு வரிசையாக வெளியே வந்தோம். வாசலைத் தாண்டியதும் அழகம்மாள் ஆட்டைத் தேடிப் போய்விட்டாள்.

இருபத்தேழாம் தேதி ஓட்டு. அந்த டக்கர் என்ன ஆனான் என்று தெரிந்ததா?

அக்கா


ஆஷ்கோம்
29 டிசம்பர் 2019

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தேன். முடியவில்லை. இன்று காலையில் விதியை மீறி ரிஹானா அக்காவுக்குப் போன் செய்தேன். என்னிடம் சொல்லக் கூடாது என்று முதலில் மழுப்பினார்கள், பிறகு அழுதுவிட்டார்கள்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி. இரண்டு மாதத்துக்கு மேல் என்னிடம் மறைத்திருக்கிறாய்.

வடக்கு வீட்டுக் காரியக்காரர் சின்னக்கருப்பன் ஆட்களோடு வந்தாராம். சாயங்காலத்துக்குள் வீட்டைப் பூட்ட வேண்டும் என்றாராம். வீடு நாங்கள் கட்டியது என்று நீ கேட்டதற்கு, “மண்ணு எங்களது, சுவரு உங்களது. சுவரத் தூக்கிட்டுப் போங்க” என்றாராம். இதைக் கேட்டதும் எனக்கு ஜான் டக்கர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிலுவைக் குறிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. காகிதத்தில் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது தெரியுமா?

அத்தான் செய்ததையும் சொன்னார்கள். உளியை எடுத்து, அப்பா செதுக்கிய தேக்குக் கதவை நிலையோடு பெயர்த்து, தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தாராம். பூட்டோடு வந்தவர்கள் பூட்டுவதற்குக் கதவு இல்லாமல் நின்றார்களாம். உனக்குப் பூட்டு சாவிச் சின்னம் கிடைத்ததையும், அதற்கு நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்பதையும் அவர்களே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

விலகிக்கொள், மரியாதையாக முடியும் என்று நான் எழுதிய கடிதம் நீ வீட்டை இழந்த வாரத்தில்தானே உன் கைக்கு வந்திருக்கும்? அதைத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து படித்தாயா? என்னை ஏன் திட்டவில்லை?

விளக்க அட்டையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘விசுவாசம்’ போய்விட்டது. ‘ஜான் டக்கர் எதிராக ஓட்டுப் போட்டார். அதற்காக அவருடைய வீடு பறிக்கப்பட்டது’ என்று எழுதினேன். குடும்பத்துக்கு வருத்தமாக இருக்கும் என்றார்கள். இருக்கட்டும் என்றேன். மார்ச்சைப் பற்றி மார்ச்சில் பார்த்துக்கொள்கிறேன்.

நிவி


ரிஹானா மளிகை
6 ஜனவரி 2020

அன்புத் தங்கச்சிக்கு,

நீ போன் செய்ததை ரிஹானா சொல்லிவிட்டாள். அவள் வாயில் எதுவும் நிற்காது, ஆனால் தன் பட்டா நிலத்தில் கொட்டகை போட இடம் கொடுத்தவள், அதனால் மன்னித்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் கலீல் ரகுமான் குவைத்திலிருந்து பேசி, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். மறைத்ததற்கு என்னைத் திட்டாதே. சொல்லியிருந்தால் நீ பணம் அனுப்புவாய், அழுவாய், கிருத்திகாவுக்கு எழுதுவாய். எனக்கு அப்போது அதெல்லாம் தாங்காது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். கிருத்திகா 241. நான் 227. பதினாலு ஓட்டில் தோற்றேன்.

என்னோடு நின்ற பெண்கள் மட்டும் போட்டு இத்தனை வர முடியாது, சத்தியம் செய்த சில பேரும் போட்டிருக்கிறார்கள். சில பேர் சாமிக்குப் பயந்து அன்றைக்கு ஊரிலேயே இல்லை, இளையாத்தங்குடிக்கும் காளையார்கோவிலுக்கும் ஜோலி இருப்பதாகக் கிளம்பிவிட்டார்கள். உன் அத்தான் போகவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார், வந்தார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தானே அந்தத் தடுப்பு. கதவைத் தூக்கிக்கொண்டு நடந்த மனுஷனிடம் எனக்கு வேறு கணக்கு வேண்டாம்.

இப்போது வேடிக்கையைக் கேள். அந்த 227 பேர் யார் என்று பட்டியல் எடுக்கச் சின்னக்கருப்பனை அனுப்பியிருக்கிறார்கள். மனுஷன் நாலு நாளாக வீடு வீடாக அலைகிறார். எல்லோரும் ஒரே பதில்தான், “ஆட்டோவுக்குத்தான் போட்டோம்.” அழகம்மாளும் அதையே சொன்னாளாம். நேற்றுவரை அவர் பட்டியலில் ஆட்டோவுக்கு நானூற்று ஐம்பது ஓட்டு சேர்ந்துவிட்டது. பெட்டியில் இருந்தது 241. உன் ஊர் மாளிகைக்காரர்களுக்கு அச்சடித்த புத்தகம் கிடைத்தது. இவர்களுக்கு அது கிடைக்காது. யாரைத் துரத்துவது என்று தெரிய வேண்டுமானால் ஊரையே காலி செய்ய வேண்டும்.

நான் ஊரைவிட்டுப் போகவில்லை. காரைக்குடியில் கடை பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எதற்காகப் போக வேண்டும்?

அக்கா


ஆஷ்கோம்
30 ஜனவரி 2020

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் பேருந்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

டக்கர் கிடைத்துவிட்டார்.

மாளிகைப் பெட்டிகளில் தேடியதுதான் என் தப்பு. நகரத்துத் தேவாலயத்தில் வரிப் புத்தகங்கள் தனியாக இருக்கின்றன. அடுத்த தேர்தல் ஏழு வருடம் கழித்து, 1768-இல். அந்த ஓட்டுப் புத்தகமும் அங்கேதான் கிடைத்தது, அதன் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. ஜான் டக்கர், பீப்பாய் செய்பவர், தோல் பதனிடும் சந்து. அதே ஊர், அதே நகரம், ஆனால் மாளிகைக்குச் சொந்தமில்லாத ஒரே சந்து. வரிப் புத்தகத்தில் பார்த்தேன், அந்த இடம் ஒரு விதவைக்குச் சொந்தம். பெண் என்பதால் ஓட்டுப் புத்தகத்தில் அவள் பெயர் கிடையாது. ஆனால் அவள் கொடுத்த இடத்தில்தான் டக்கர் அடுப்பு வைத்திருக்கிறார். தேர்தலுக்கு முன்னால் அதிகாரிகள் அங்கே போய்ப் பானை கொதிக்கிறதா என்று பார்த்துத்தான் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும்.

ஓட்டு யாருக்கு என்று கேட்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். மறுபடியும் எதிராகத்தான். மேடையில் ஏறி, வாய்விட்டு.

கண்காட்சியில் இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைக்கிறேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள். நான் திருத்திய அட்டையை மட்டும் அவர்கள் மாற்றவில்லை, அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. வேறு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், கவலைப்படாதே.

உன் முகவரியை இனி எப்படி எழுதட்டும்?

நிவி


பனையனேந்தல்
22 பிப்ரவரி 2020

அன்புத் தங்கச்சி நிவேதாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை ரிஹானா கடை வாசலில் வைத்து அழகம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். டக்கர் பெண்டாட்டி பெயர் என்ன என்று கேட்கிறாள் அழகம்மாள். தேடிச் சொல். வேலை போனதற்கு வருத்தப்படாதே, தோளுக்கு ஓய்வு கிடைக்கும்.

ஊர் மோட்டார் ஐந்தாவது தடவையாகக் கருகி வந்தது. தோப்புக் குழாயை வெட்டினால் கம்பி சுற்றுகிறேன், இல்லையென்றால் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். கருகிய காயிலை எல்லோரும் பார்க்கட்டும் என்று என் கடை வாசலில் தொங்கவிட்டேன். மூன்று நாள் குடத்தோடு பெண்கள் தோப்பு வாசலில் உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் கிருத்திகாவே ஆள் வைத்துக் குழாயை வெட்டிவிட்டது. மாமனாரிடம் கேட்டுச் செய்ததா, கேட்காமல் செய்ததா, எனக்குத் தெரியாது. மோட்டாரைச் சுற்றிக் கொடுத்துவிட்டேன், இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற மனுக் கொடுத்திருந்தேன். அடுத்த தேர்தலுக்கு என் பெயர் இந்த ஊரில் இருக்க வேண்டுமல்லவா? வடக்கு வீட்டிலிருந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த அம்மா இங்கே குடியில்லை, வெறும் கொட்டகை என்று. நேற்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தகரக் கொட்டகைக்கு இத்தனை பெரிய தேக்குக் கதவா என்று பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தட்டினார்.

“இங்க யாரும்மா குடியிருக்கிறது?” என்று கேட்டார்.

நான் அப்பாவின் கதவை அகலத் திறந்துவிட்டேன். உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
பூ. தீபலட்சுமி
கதவு எண் 1, ரிஹானா கடைச் சந்து
பனையனேந்தல்